மை தெளிக்கும் அச்சு யந்திரமும் அதன் பராமரிப்பும்

சிட்டா நகல் எடுப்பதற்கும், கூட்டுறவுச் சங்கத்துக்கு விண்ணப்பம் தயாரிப்பதற்கும், பிள்ளைகளின் பாடங்களை அச்சிடுவதற்கும் நம் கிராமங்களில் பல வீடுகளில் இப்பொழுது சிறிய அச்சு யந்திரம் ஒன்று வைத்திருக்கிறார்கள். பிரிண்டர் என்றே யாவரும் அதை அழைக்கின்றனர். வாங்கிய புதிதில் நன்றாகவே வேலை செய்கிறது. பிறகு ஒரு நாள், விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதியன்று, எழுத்துக்களின் நடுவே வெள்ளைக் கோடுகள் விழுகின்றன. அல்லது வெறுந்தாளே வெளிவருகிறது. யந்திரத்தைப் பஸ்ஸில் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோனால், "தலை போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்ற பதில் கிடைக்கிறது. அதற்காகும் செலவோ புது யந்திரத்தின் விலையை நெருங்குகிறது. இப்படி ஒதுக்கப்படும் யந்திரங்களுள் பல வீட்டிலேயே சீராக்கக்கூடியவை என்பது நம் கருத்து.

அச்சு யந்திரங்களில் பொடியால் அச்சிடும் லேசர் வகை ஒன்று. திரவ மையைத் தெளித்து அச்சிடும் வகை மற்றொன்று. இங்கு நாம் கூறுவது பின்னதைப் பற்றியே. இதில் தாளின் குறுக்கே ஓடும் பாகத்துக்குத் தலை என்று பெயர். அதன் அடியில் தலைமயிரைவிட நுண்ணிய துளைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அத்துளைகளின் வழியே மை துளித்துளியாகத் தெறித்துத் தாளில் படிகிறது. இதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஜப்பானில் கேனன் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1977ஆம் ஆண்டில், ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோல் ஒன்று மை நிரம்பிய ஊசியின்மீது தற்செயலாகப் பட்டது. உடனே ஊசிமுனையிலிருந்து மை தெறித்தது. கணநேரச் சூட்டால் மையில் குமிழி எழுப்பித் துளியை வெளியே தள்ளும் முறை அதிலிருந்து பிறந்தது. கேனன், எச்.பி. நிறுவனங்களின் வீட்டு யந்திரங்கள் இம்முறையில் இயங்குகின்றன. எப்சன் யந்திரங்களில் சூடு இல்லை. மின்சாரம் பட்டதும் வளையும் நுண்ணிய தகடு மையைத் தள்ளுகிறது.

முறை எதுவாயினும் நோய் ஒன்றே. சொட்டு நீர்ப் பாசனம் செய்யும் விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. சில வாரம் நீர் விடாமல் போட்டுவைத்த குழாயில் உப்புப் படிந்து துளைகள் அடைபடுவதைப் போலவே, யந்திரம் சும்மா கிடந்தால் துளைகளின் வாயில் மை உலர்ந்து கெட்டிப்படுகிறது. மிகுதியாக உழைத்துக் கெட்ட யந்திரங்களைவிடச் சும்மா இருந்து கெட்டவையே நம் வீடுகளில் அதிகம். அக்கினி நட்சத்திர வெயிலில், காற்றாடிக்கு அடியிலோ ஜன்னல் ஓரத்திலோ வைத்த யந்திரத்தில் மை இன்னும் விரைவாக உலரும். ஆகையால் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ஒரு பக்கமாவது அச்சிடுதல் வேண்டும். அப்பக்கத்தில் கறுப்பு, நீலம், சிவப்பு, மஞ்சள் ஆகிய எல்லா மைகளும் வருதல் வேண்டும். கறுப்பு எழுத்து மட்டும் அச்சிட்டால் மற்ற துளைகள் உலர்ந்தே இருக்கும். ஆண்டுக்கு 52 தாள்கள். 500 தாள் கொண்ட கட்டில் பத்தில் ஒரு பங்குதான். பரீட்சை முடிந்து கோடை விடுமுறையில் யந்திரத்தைத் துணியால் மூடி இரண்டு மாதம் மறந்துவிடும் வீடுகளில்தான், ஜூன் மாதத்தில் தகராறு தொடங்குகிறது.

அணைக்கும் விதத்திலும் கவனம் தேவை. யந்திரத்தில் உள்ள பொத்தானை அழுத்தி அணைத்தால், தலை ஓர் ஓரமாகச் சென்று ரப்பர் மூடியின்மேல் அமர்கிறது. துளைகளுக்குக் காற்றுப் படுவதில்லை. சுவரிலுள்ள சுவிட்சை மட்டும் அணைத்தால் தலை நடுவழியில் திறந்தே நின்றுவிடக்கூடும். அச்சிடும்பொழுது மின்சாரம் நின்றுபோனாலும் இதே கதிதான். மின்சாரம் வந்தபின் ஒருமுறை யந்திரத்தை இயக்கி, பிறகு பொத்தானால் அணைத்துவைத்தால் தலை தன் இடத்துக்குப் போய்ச் சேரும்.

கோடு விழத் தொடங்கினால் முதலில் செய்யத்தக்கது சோதனைத் தாள் அச்சிடுவது. எல்லா யந்திரங்களிலும் இதற்கு வழி உண்டு. மெல்லிய கோடுகளாக வரும் அப்படத்தில் எந்த நிறம் எங்கே அறுந்திருக்கிறது என்பது தெரியும். அறுந்திருந்தால், தலையைச் சுத்தம் செய்யும் கட்டளையை ஒருமுறை கொடுத்து மீண்டும் சோதிக்க வேண்டும். இரண்டு மூன்று முறைக்குமேல் தொடர்ந்து செய்தலாகாது. அநேகர் பத்து முறை செய்துவிட்டு மை தீர்ந்துவிட்டதே என்று வருந்துகின்றனர். ஒவ்வொரு சுத்தத்திலும் நல்ல மை உறிஞ்சப்பட்டு, யந்திரத்தின் அடியிலுள்ள பஞ்சில் கழிவாகச் சேர்கிறது. அப்பஞ்சு நிரம்பியதாக யந்திரம் கணக்கிட்டுவிட்டால் அதை மாற்றும்வரை சில யந்திரங்கள் அடியோடு நின்றுவிடும். மூன்று முறைக்குப் பின்னும் குணமாகாவிட்டால், அணைத்து ஓர் இரவு அப்படியே விட்டுக் காலையில் சோதிப்பது நலம். காற்றுக் குமிழிகள் அடங்கி, இறுகிய மை இளகிவிடுவதால் பலமுறை இதுவே போதுமானதாகிறது.

இங்கு ஒரு வேறுபாட்டை அறிந்திருத்தல் அவசியம். கேனன், எச்.பி. நிறுவனங்களின் விலை குறைந்த யந்திரங்கள் பலவற்றில், துளைகள் மைப்பெட்டியிலேயே அமைந்துள்ளன. வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியின்மேல் அப்பெட்டியின் துளைமுகத்தைச் சிறிது நேரம் வைத்து ஒற்றினால் அடைப்பு இளகலாம். இளகாவிடில் புதுப்பெட்டியோடு புதுத்தலையும் வந்துவிடும். எப்சன் யந்திரங்களில் தலை யந்திரத்தோடு பொருந்தியது. அதைக் குத்துவதும் தேய்ப்பதும் கூடாது. கடைக்காரர் "தலையை மாற்ற வேண்டும்" என்று சொல்லும்பொழுது எந்த வகையைச் சொல்கிறார் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொட்டியில் மை ஊற்றும் யந்திரங்களை எப்சன் நிறுவனம் 2010ஆம் ஆண்டில் முதலில் இந்தோனேசியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பிற நிறுவனங்களும் செய்கின்றன. இவற்றில் மை கீழ்க்கோட்டுக்கு இறங்குமுன் நிரப்பிவிட வேண்டும். இறங்கிவிட்டால் குழாய்களில் காற்று புகும். அதை வெளியேற்ற ஏராளமான மை செலவாகும். ஒரு யந்திரத்துக்குரிய மையை வேறொன்றில் ஊற்றுவது, ஒரே நிறம் என்றாலும், தகாது. யந்திரத்தைச் சாய்த்துத் தூக்கினால் மை வழியும்.

தாள் சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் தாளேதான். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் திறந்துவைத்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இரண்டு மூன்றாக உள்ளே போகின்றன. மீதித் தாளைத் தட்டில் விடாமல் உறையிலேயே வைத்து, போடுமுன் விசிறிவிட்டுப் போட வேண்டும். சிக்கிய தாளை இரு கைகளாலும் மெதுவாக, கிழியாமல் இழுக்க வேண்டும். ஒரு சிறு துண்டு உள்ளே தங்கினாலும் அடுத்த தாள் போகாது. அறுவடைக் காலத்துத் தூசி உருளைகளில் படிந்தால் தாளைப் பிடிக்கும் சக்தி குறைகிறது. நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், மின்சாரத்தைத் துண்டித்தபின், துடைத்தால் போதும். தையல் யந்திரத்துக்குப் போடுவதுபோல் இதற்கும் எண்ணெய் விடும் அன்பர்கள் உண்டு. தலை ஓடும் பாதையை ஒட்டி, கண்ணாடிபோல் ஒரு மெல்லிய நாடா கட்டப்பட்டிருக்கிறது; தலை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை யந்திரம் அதைக்கொண்டே அறிகிறது. எண்ணெயோ விரல் அழுக்கோ அதில் பட்டால் தலை ஓரத்தில் போய் இடித்துக்கொள்ளும். பல்லியும் எறும்பும் உள்ளே குடியேறாமல் தாள் வாய்களை மூடிவைப்பதும் நம் வீடுகளில் தேவையான காரியம்.

யந்திரத்தில் குறை ஏதுமின்றியே அச்சு வராமலிருப்பதும் உண்டு. கம்ப்யூட்டரில் முன்பு கொடுத்த வேலை ஒன்று தேங்கி நிற்கும். அதை நீக்கி இரண்டையும் அணைத்துப் போட்டால் சரியாகும். வைஃபை மூலம் இணைப்பவர்கள், பல வீட்டு யந்திரங்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மட்டுமே ஏற்கும் என்பதை நினைவில் கொள்க.

பஞ்சாயத்து அலுவலகங்களுக்கு மற்றொரு விஷயம். மையில் சாயமை, நிறமித்துகள் மை என இரு வகை உண்டு. சாயமையில் அச்சிட்ட எழுத்து ஈரம் பட்டால் கரைந்து பரவும், வெளிச்சத்தில் வெளுக்கும். நிறமித்துகள் மை தாளின்மேல் படிந்து நிற்பதால் நீரையும் வெளிச்சத்தையும் அதிகம் தாங்கும். தீர்மான நகல், வரி ரசீது, நில அளவை நகல் முதலிய பல ஆண்டுகள் இருக்கவேண்டியவற்றுக்குக் கறுப்பு மட்டுமாவது நிறமித்துகள் மையாக உள்ள யந்திரத்தை, அல்லது லேசர் யந்திரத்தை, உபயோகிக்க வேண்டும். வாங்குமுன் இதைக் கடையில் கேட்டறியலாம். முன்னரே வாங்கிய யந்திரத்தில் எந்த வகை என்பது தெரியாவிட்டால், ஒரு பக்கம் அச்சிட்டு ஒரு நாள் உலரவிட்டு, எழுத்தின்மேல் ஒரு சொட்டு நீர் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.