கடதாசியில் வரும் ஐந்து வினைச்சொற்கள்

ஆங்கிலப் பாடத்தை வழமையாக ‘கோ’, ‘கம்’ என்று தொடங்குவோம். இம்முறை காணிக் கந்தோர்க் கடதாசியிலிருந்து தொடங்குவோம்.

‘அப்ளை’ நமக்குத் தெரிந்த சொல்லே. உரப்பையில் இருந்தால் ‘இடு’ என்று பொருள். பின்னால் ‘ஃபோர்’ சேர்ந்தால் ‘விண்ணப்பி’ என்றாகும்.

‘ரிசீவ்’, ‘அக்செப்ட்’ இரண்டையும் ‘பெறுதல்’ என்றே சொல்லிவிடுகிறோம். அது பிழை. அயலவர் தந்த பலாப்பழத்தைக் கையில் வாங்குவது ரிசீவ். பெண் கேட்டு வந்தவர்களுக்குச் சம்மதம் சொல்வது அக்செப்ட். நட்டஈட்டுக் கடதாசியில் ‘ரிசீவ்ட்’ என்றால் இவ்வளவு பணம் கைக்குக் கிடைத்தது, அவ்வளவே. ‘அக்செப்ட்’ என்பதோடு ‘ஃபுல் அண்ட் ஃபைனல்’ என்றும் இருந்தால், இனிமேல் கேட்கமாட்டேன் என்று எழுதிக்கொடுப்பதாகும். கையொப்பமிடுமுன் அந்த வரியில் விரலை வைத்து, தெரிந்த ஒருவரைக்கொண்டு வாசிப்பியுங்கள்.

‘லீவ்’ என்றால் ஓரிடத்தை விட்டுப் போதல். ‘சரண்டர்’ என்றால் உரிமையைத் திருப்பி ஒப்படைத்தல். மண்சரிவுக்கு அஞ்சி வீட்டைவிட்டு வந்தவர் லீவ் செய்தவர், சரண்டர் செய்தவரல்லர். 1985இல் கட்டி முடிந்த கொத்மலை அணைக்காக இடம்பெயர்ந்தோரை நினைத்தால், நம் பகுதியில் இந்த வேறுபாடு புத்தகப் பாடம் மட்டுமல்ல.

1987 முதல் தமிழும் அரச கரும மொழி. ஆதலால் முதலில் தமிழ்ப் படிவத்தையே கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

பயிற்சி: வீட்டிலுள்ள பழைய கடதாசிகளில் இந்த ஐந்து சொற்களையும் தேடிக் கோடிடுங்கள். பென்சிலால், போட்டோப் பிரதியில் மட்டும்!