முன்பணத்தில் சிக்கியவர்களை மீட்க

செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் இடம் போன்றவற்றில் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு முடக்கிவைப்பதும் ஆள்கடத்தலின் ஒரு வடிவமே. தமிழ்நாட்டில் இருளர் குடும்பங்கள் பல இதில் சிக்கியுள்ளன. பூட்டோ காவலோ இருக்க வேண்டியதில்லை. ஊரில் சாவு என்றாலும் குடும்பத்தில் ஒருவரை ஈடாக நிறுத்திவிட்டுத்தான் போக முடிகிறது, எவ்வளவு உழைத்தாலும் கணக்கு தீர்வதில்லை என்றால் அது கொத்தடிமை நிலைதான்.

சந்தேகம் வந்தால் முதலாளியிடம் நேரில் கேட்கக்கூடாது. ஆட்களை இரவோடு இரவாக இடம் மாற்றிவிடுவார்கள். இடம், குடும்பங்களின் எண்ணிக்கை, சொந்த ஊர், பேசும் மொழி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ மனு கொடுக்கலாம். குழந்தைகள் இருந்தால் 1098, உடனடி ஆபத்து என்றால் 112, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

விசாரணையில் தொழிலாளர்களின் வாக்குமூலத்தை முதலாளி இல்லாத இடத்தில் பதிவு செய்யும்படி கேட்பது முக்கியம். 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி கொத்தடிமைக் கடன் முழுவதும் ரத்தாகிவிடும். அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. பயத்தில் இருப்பவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதைத்தான்.

ஊர் திரும்பும் முன் ஒவ்வொருவரும் விடுதலைச் சான்றிதழ் பெறுவது அவசியம். அவசரத்தில் விட்டுப்போவது பெரும்பாலும் இதுவே. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் ரூ.30,000 வரை உடனடி உதவி உண்டு; அதற்கு வழக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.