சிரசாசனமும் கண்ணின் உள்ளழுத்தமும்

யோகாசனப் பயிற்சி நம் நாட்டில் பரவியதில் புனே நகருக்குச் சிறப்பான பங்கு உண்டு. பி. கே. எஸ். ஐயங்கார் 1937-ஆம் ஆண்டில் அந்நகருக்கு வந்து ஆசனங்களைக் கற்பிக்கலானார். 1975-இல் அங்கு அவர் நிறுவிய யோகக் கழகம் திறக்கப்பெற்றது. இன்று பாணேர் போன்ற அந்நகரின் புறப்பகுதிகள் முதல் நம் கிராமப் பள்ளிகள் வரை ஆசனங்கள் பயிலப்படுகின்றன. இவற்றுள் தலைகீழாக நிற்கும் சிரசாசனம் கண்ணுக்குள் என்ன மாறுதலை விளைவிக்கிறது என்பதைக் கற்பிப்போர் அறிந்திருத்தல் அவசியமாகும்.

கண்ணின் அழுத்தம்

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று இடைவிடாது ஊறி, நுண்ணிய வடிகால்கள் வழியே இரத்தக் குழாய்களைச் சென்றடைகிறது. ஊறும் அளவும் வடியும் அளவும் ஒத்திருப்பதால் கண்ணின் உள்ளழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிலைபெறுகிறது. இவ்வழுத்தம் பார்வை நரம்பு தாங்கும் அளவை மீறி நீடிப்பின் நரம்பு இழைகள் சிறிது சிறிதாக அழிகின்றன. இதுவே கிளாக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோய். பெரும்பாலோருக்குத் தொடக்கத்தில் இதில் வலி தோன்றுவதில்லை. இழந்த பார்வையை மீட்க வழியும் இல்லை.

தலைகீழ் நிலையில் நிகழ்வது

நிமிர்ந்து நிற்கையில் கண் இருதயத்திற்கு மேலே உள்ளது. சிரசாசனத்தில் அதற்குக் கீழே வந்துவிடுகிறது. இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் தூரம் எனக் கொள்வோம். 13.6 மில்லிமீட்டர் உயர நீர்த்தம்பம் 1 மில்லிமீட்டர் பாதரசத்திற்குச் சமம். ஆகவே 27 சென்டிமீட்டர் திரவத் தம்பத்தின் அழுத்தம் சுமார் 20 மில்லிமீட்டர் பாதரசமாகும். இந்த அழுத்தம் கண்ணைச் சூழ்ந்த சிரைகளில் ஏறுகிறது. கண்ணீர்ப்பையோடு தொடர்பில்லாத அந்த உள்நீர் வடிவது தடைப்படுகிறது. கண்ணின் உட்படலமும் இரத்தம் தேங்கிப் பருக்கிறது. இக்கணக்கை ஆசிரியர்கள் பௌதிக வகுப்பிலேயே செய்து காட்டலாம்.

ஆராய்ச்சி கூறுவது

சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆராய்ச்சியாளர் யோகம் பயிலும் 75 பேரைச் சோதித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டனர். சிரசாசனத்தின்போது எல்லா வயதினருக்கும் கண்ணழுத்தம் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. எனினும், அவர்களிடையே நிலையான மிகை கண்ணழுத்தம் பிறரைவிட அதிகமாகக் காணப்படவில்லை. 2015-இல் வெளியிடப்பட்ட நியூயார்க் நகர ஆய்வில், அதோமுக சுவானாசனம், உத்தானாசனம், ஹலாசனம், விபரீதகரணி ஆகிய நான்கிலும் அழுத்தம் ஒரு நிமிடத்திற்குள் உயர்ந்தது. முதலாவதில் ஏற்றம் மிகுதி. எனவே தலை தாழும் ஆசனங்கள் அனைத்தையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

நலமான கண் இத்தற்காலிக உயர்வைத் தாங்கக்கூடும். நரம்பு ஏற்கெனவே நலிந்த கண்ணுக்கு அந்த உறுதி இல்லை. சிரசாசனம் பயின்றுவந்த கண்ணழுத்த நோயாளர் சிலருக்குப் பார்வைக் குறை முற்றியதாக மருத்துவ ஏடுகளில் குறிப்புகள் வந்துள்ளன. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது: மருத்துவமனையில் அழுத்தம் அளக்கப்படுவது அமர்ந்த நிலையில். அங்கு அளவு சரியாக இருப்பினும், நாள்தோறும் தலைகீழாக நிற்கையில் ஏறும் அழுத்தம் அதில் தெரிவதில்லை. ஆகையால் பயில்வோர் தம் பழக்கத்தை மருத்துவரிடம் தாமே கூறவேண்டும்.

கற்பிப்போர் கடமை

தலைகீழ் ஆசனங்களைத் தொடங்குமுன் பின்வருவனவற்றைக் கேட்டறிக:

1. கண்ணழுத்த நோய் தமக்கோ, பெற்றோர், உடன்பிறந்தாருக்கோ உண்டா?
2. மிகுந்த கிட்டப்பார்வைக்காகக் கண்ணாடி அணிகின்றனரா?
3. விழித்திரை கிழிந்ததோ, நீரிழிவினால் பழுதுற்றதோ உண்டா?
4. அண்மையில் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்ததா?
5. இரத்தக் கொதிப்பு உண்டா?

ஒன்றுக்கேனும் 'ஆம்' என்பது விடையாயின், கண் மருத்துவர் இசைவு தரும்வரை தலை தாழும் ஆசனங்களை விலக்குக. நாற்பது வயதைக் கடந்தோர் ஒருமுறையேனும் கண்ணழுத்தமும் பார்வை நரம்பும் சோதித்துக் கொள்வது நன்று. பயிற்சியின்போது கண்வலி, மங்கல், ஒளிக்கீற்று, புதிய கரும்புள்ளிகள் தோன்றின் உடனே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புக.

இதனால் யோகத்தையே கைவிட வேண்டியதில்லை. அமர்ந்தும் நின்றும் தலை தாழாமல் செய்யும் ஆசனங்கள் பல உள்ளன. சிரசாசனத்தை விட்டவர் இழப்பது ஓர் ஆசனமே. கேளாமற் கற்பித்தால் இழக்க நேர்வது பார்வையாகலாம்.