ஊராட்சிக்கு ஒரு படத்தொகுப்புப் பாடம்

சேலம், நாமக்கல் சமவெளி மக்களுக்குத் திரைப்படத் தொழில் புதியதன்று. 1935-ஆம் ஆண்டில் திரு. டி. ஆர். சுந்தரம் அவர்கள் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தார். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமாகிய 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-இல் அந்நிறுவனத்திலிருந்தே வெளிவந்தது. அந்நாளில் 35 மில்லிமீட்டர் பிலிம் விநாடிக்கு 24 படங்கள் வீதம் ஓடியது. ஒரு நிமிடக் காட்சிக்கு 90 அடி பிலிம் வேண்டும். தொகுப்பாளர் மூலச் சுருளைத் தொடாமல், அதன் பிரதியை வெட்டி ஒட்டிப் படத்தின் வரிசையை அமைப்பார். பிறகே அவ்வரிசைப்படி மூலச் சுருள் வெட்டப்படும்.

இன்று இவ்வேலையைக் கணினி மென்பொருளைக் கொண்டு செய்கிறோம். ஷாட்கட், கேடென்லைவ் ஆகிய மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைப்பேசியிற் பிடித்த காட்சிகளைக் கொண்டே உழவருக்குப் பயன்படும் படத்தை ஊராட்சியில் ஆக்கிவிடலாம். அதற்குரிய முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம்.

நம் பகுதியிற் குச்சிக்கிழங்கு என வழங்கும் மரவள்ளியின் கரணை நடவைப் படமாக்குவதாகக் கொள்வோம்.

முதலாவது, எல்லாக் காட்சிகளையும் கணினியில் ஒரே கோப்புறையிற் சேர்த்து, வேறோரிடத்தில் ஒரு பிரதியும் வைத்தல் வேண்டும். மென்பொருள் மூலக் காட்சியை வெட்டுவதில்லை. எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்பதையே குறித்துக்கொள்ளும். மூலத்தை அழித்தாலோ இடம் மாற்றினாலோ அது காட்சியைக் காணாது திகைக்கும்.

இரண்டாவது, காட்சிகள் முழுவதையும் பார்த்து, வேண்டியவற்றைத் தாளிற் குறித்தல். பிறகு அவற்றை 'டைம்லைன்' என்னும் கால வரிசையில் அடுக்குதல். நல்ல தண்டைத் தேர்ந்தெடுத்தல், சுமார் 15 செண்டிமீட்டர் நீளத்தில் நசுங்காமல் வெட்டுதல், மொட்டுகள் மேல்நோக்கி இருக்குமாறு செங்குத்தாக நடுதல் என்று வேலை நடக்கும் வரிசையே படத்தின் வரிசையாகட்டும்.

மூன்றாவது, வேண்டாத தலைப்பையும் வாலையும் கத்தரித்தல். கைவேலை முடியுமுன் காட்சியை வெட்டலாகாது. மொட்டு எத்திசையில் இருக்கிறது என்பதைக் கண் அறியும்வரை அக்காட்சி நிற்க வேண்டும். அவசரப்பட்டு வெட்டினால், படம் பார்த்தவர் கரணையைத் தலைகீழாக நட நேரும்.

நான்காவது, ஒலியைச் சீர்செய்து, அளவுகளைப் பெரிய எழுத்தில் திரையிற் காட்டுதல். இறுதியாக, அவ்வேலையை அறியாத ஒருவருக்குப் படத்தைக் காட்டி, அவர் கண்டதைச் சொல்லச் செய்தல். அவர் தடுமாறும் இடமே நாம் திருத்த வேண்டிய இடம்.

இனி, கருவியைக் காட்டிலும் முக்கியமானது ஒன்றுண்டு. இரு காட்சிகளை அடுத்தடுத்து வைத்தால், இரண்டிலும் இல்லாத மூன்றாவது பொருள் ஒன்று பிறக்கும். ருஷ்ய நாட்டு லெவ் குலெஷொவ் சுமார் நூறாண்டுகளுக்கு முன் இதனைச் சோதித்தார். ஒருவருடைய ஒரே முகத்தை உணவுக்கு அடுத்துக் காட்டியபோது பசியையும், சவப்பெட்டிக்கு அடுத்துக் காட்டியபோது துயரத்தையும் கண்டோர் அம்முகத்தில் உணர்ந்தனராம்.

இது வயலுக்கும் பொருந்தும். மரவள்ளி மாவுப்பூச்சியை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டன. குளவி விடும் காட்சியை அடுத்து, விளக்கமின்றி மருந்து தெளிக்கும் காட்சியை ஒட்டினால், பார்ப்பவர் ஒரே வயலில் இரண்டையும் செய்வார். பூச்சிமருந்தால் குளவியும் மடியும். தொகுப்பாளர் செய்த பிழைக்கு உழவர் நட்டமடைவார்.

கிராம சபைக்கும் இஃதே விதி. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நம் சபைகள் கூடுகின்றன. குடிநீர் வரவில்லை என்று ஒரு தாய் எழுப்பிய கேள்வியை நீக்கி, பிறிதொரு வேளையில் எழுந்த கைதட்டலை அவ்விடத்தில் ஒட்டுவது ஒரு நிமிட வேலை. ஆனால் அப்படத்தில் ஊரே ஒருமனதாய் மகிழ்ந்ததாகத் தோன்றும். அது தொகுப்பன்று, பொய்ச்சான்று. ஒருவர் கேட்ட கேள்வியையும் அதற்குரிய விடையையும் பிரிக்கலாகாது. சுருக்கிய படமாயின் 'சுருக்கம்' என்று தொடக்கத்திலேயே எழுதுக. முழுப் பதிவையும் ஊராட்சி அலுவலகத்திற் பாதுகாத்து, கேட்போருக்குக் காட்டுக. படம் எத்துணைச் சிறந்ததாயினும் தீர்மானப் புத்தகத்திற்கு ஈடாகாது.

ஒவ்வோர் ஊராட்சியிலும் ஆர்வமுள்ள இளைஞர், இளம்பெண்கள் இருவரையேனும் தேர்ந்து இப்பயிற்சியில் ஈடுபடுத்துமாறு உறுப்பினர்களை வேண்டுகிறோம். முதற்படம் மூன்று நிமிடத்திற்கு மேற்பட வேண்டாம். எதை வெட்டுவது என்பதோடு எதை வெட்டலாகாது என்பதையும் அவர்கள் கற்பார்களாயின், ஊர் அவர்கள் படத்தை நம்பும்.