பல்லுறையும் வெந்நீரும்

பல்வரிசையைச் சீர்செய்யக் கம்பி கட்டிக் கொள்வது நாமெல்லாம் அறிந்ததே. அண்மைக் காலமாக நம் மாணவ நண்பர்கள் சிலரது வாயில், கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி போன்ற மெல்லிய உறையொன்று காணப்படுகிறது. இதனை அலைனர் என்பர். ஸ்டான்போர்டில் பயின்ற ஜியா சிஷ்டி, கெல்சி வர்த் என்னும் இருவர் 1997-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய அலைன் டெக்னாலஜி என்ற கம்பெனியே இதனை உலகறியச் செய்தது. ஓர் உறையை ஒன்றிரண்டு வாரம், நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் அணிய வேண்டும். பிறகு அடுத்த உறை. இப்படியே பல் சிறிது சிறிதாக நகர்கிறது.

நானும் இதனை அணிகிறவன். மட்டாஞ்சேரியில் குடியேறிய தமிழ்க் குடும்பம் எங்களுடையது. என் தந்தையார் ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் துணி வெளுத்துப் பெட்டி போடுபவர். வெள்ளாவி வைத்தால் போகாத அழுக்கில்லை என்பது நான் எழுத்தறியுமுன் கற்ற பாடம். ஆகவே ஒருநாள் உறையில் லேசான வாடை வீசியதும், குடிப்பதற்காகக் கொதித்துக் கொண்டிருந்த நீரை அதன்மேல் ஊற்றினேன். இரசாயனத்தில் முதுகலை படிக்கிறவன் இதனைச் செய்தான் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். உறை சுருங்கிக் கோணியது. பல்லில் ஏற மறுத்தது.

காரணம் எளிது. உறையைச் செய்யும்போது பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, பல் அச்சின்மேல் அழுத்திப் படிய வைத்துக் குளிர்விக்கிறார்கள். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அந்த வடிவில் உறைந்து நிற்கின்றன. மீண்டும் சூடேறினால் அவை தளர்ந்து, பழைய தகட்டு வடிவை நோக்கித் திரும்பும். உறைகளுக்குப் பயன்படும் பி.இ.டி.ஜி. என்ற பிளாஸ்டிக் ஏறத்தாழ 80 டிகிரி சென்டிகிரேடில் இளகும். கொதிநீரோ 100 டிகிரி. “ஏண்டா, பட்டுச் சேலைய வெள்ளாவியில போடுவோமாடா?” என்றார் தந்தையார். எத்தனை சட்டைகளுக்குப் பெட்டி போட்ட கூலி அந்த உறை என்று அவர் சொல்லவில்லை; எனக்குத்தான் தெரியும்.

சரியான முறை என்ன? காலையிலும் இரவிலும் குளிர்ந்த அல்லது இளஞ்சூடான நீரில் கழுவி, இதற்கென வைத்த மெல்லிய பிரஷினால், மணமும் நிறமும் இல்லாத சோப்புத் திரவம் ஒரு துளியிட்டு உட்புறக் குழிகளைத் தேய்த்து, நன்றாக அலச வேண்டும். பற்பசை வேண்டாம், உமிக்கரியும் பற்பொடியும் அறவே கூடாது. அவற்றிலுள்ள பொடித் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். கீறல்களில் கிருமிகள் குடியேறும். வெண்மையான படிவு, உமிழ்நீரிலுள்ள கால்சியம் உப்புகளால் ஏற்படுவது. ஒரு பங்கு வினிகரில் மூன்று பங்கு நீர் கலந்து, இருபது நிமிடம் ஊறவைத்துத் தேய்த்தால் அது இளகும். வெளுப்பான்களைத் தொடவே வேண்டாம். எங்கள் வீட்டைப்போல் வெளுப்பான் கைக்கெட்டும் வீடுகளில் ஓர் எச்சரிக்கை: அதனுடன் வினிகர் சேர்ந்தால் குளோரின் நச்சுவாயு எழும்.

செயற்கைப் பல்லுக்கான மாத்திரைகளை நீரில் கரைத்து உறையை ஊறவைப்போரும் உண்டு. அவற்றுள் பலவற்றில் பெர்சல்பேட் உப்பு இருக்கிறது. சிலருக்கு அது கடும் ஒவ்வாமையைத் தரும். 2008-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதுபற்றி எச்சரித்தபோது 73 கடும் பாதிப்புகள் பதிவாகியிருந்தன. ஓர் உயிரும் போயிருந்தது. மாத்திரையை மென்றவர்களும், அந்த நீரைக் கொப்பளித்தவர்களும் அவர்களுள் அடக்கம். ஊறிய உறையை ஓடும் நீரில் அலசாமல் வாயிலிடலாகாது.

இனி நம் ஊர்ச் சங்கதி. ஓட்டலில் உட்கார்ந்ததும் பதிமுகம் போட்ட செந்நீரைச் சுடச்சுட வைப்பார்கள். சூடும் சாயமும் சேர்ந்த அந்நீருக்கும் சுலைமானிக்கும் உறையைக் கழற்றி விடுங்கள். மீன்குழம்பின் மஞ்சள் ஒட்டினால், சோப்புப் பட்டவுடன் சிவக்கும். அஞ்ச வேண்டாம், காரத்தில் மஞ்சள் சிவப்பது இயல்பே, அலசினால் மீண்டும் மஞ்சளாகும். கறை முழுவதும் போகுமென்று மட்டும் நம்ப வேண்டாம்.

கறையைவிடக் கெடுதி சர்க்கரை. உறை மூடிய பல்லை உமிழ்நீர் தாராளமாக அடைவதில்லை. உள்ளே தங்கிய இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்குகின்றன, அமிலநிலை 5.5-க்குக் கீழே இறங்கினால் பற்சிப்பி கரையத் தொடங்கும். எனவே சாப்பிட்டதும் பல் துலக்கிய பிறகே உறையை மாட்டுங்கள்; வகுப்புக்கு நேரமாகிவிட்டால் வாயையாவது நன்கு கொப்பளியுங்கள்.

கழற்றிய உறையைக் காகிதத்தில் சுற்றி மேசையில் வைத்தால் இலையோடு குப்பைக்குப் போய்விடும். காற்றோட்டமுள்ள பெட்டியில் வையுங்கள். முந்தைய உறையையும் எறிந்துவிடாதீர்கள். எனக்குப் புது உறை வரும்வரை, பல் பின்வாங்காமலிருக்க மருத்துவர் அணியச் சொன்னது அந்தப் பழைய உறையைத்தான். நல்லவேளையாக அது அம்மாவின் தையல் டப்பாவில் கிடந்தது.