ஒயர் கண்ணில் படாத எஞ்சின் அறை

பிரிட்டனில் கேட்டர்ஹாம் செவன் போன்ற காரைப் பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டுகிறவர்கள் கவனத்துக்கு: ஒயர்களைச் சேஸிஸ் குழாய்களின் உட்பக்கமாகவே கொண்டுபோய், ரப்பர் பதித்த கிளிப்பால் பிடியுங்கள். தகட்டைத் துளைத்துப் போகுமிடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். இல்லாவிட்டால் அதிர்வில் உறை தேய்ந்து ஷார்ட் ஆகும். எக்ஸாஸ்ட் பக்கமே போக வேண்டாம். எஞ்சின் ஆடும், சேஸிஸ் ஆடாது. இரண்டுக்கும் நடுவே ஒயரைச் சற்றுத் தளர விடுங்கள். ஃபைபர் கிளாஸில் மின்சாரம் பாயாது. அதில் பொருத்தும் விளக்குகளுக்குச் சேஸிஸிலிருந்து தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும். அழகுக்காக ஃப்யூஸ் பெட்டியையும் ஒளித்துவைப்பது அசட்டுத்தனம்; அது கைக்கு எட்டட்டும். ஒயர்கட்டுக்கு டேப் சுற்றுவது கடைசி வேலை. விளக்கெல்லாம் எரிந்து, எஞ்சினும் ஓடிய பிறகு சுற்றினால் போதும்.