பாறையினுள் ஓடும் நீர்

தாமிரபரணிக்கு அணித்தேயுள்ள தச்சநல்லூர், திருநெல்வேலி மாநகரின் ஒரு பகுதியாகும். ஆற்றுநீர் எத்திசையில் ஓடுகின்றது என்பதை அங்குள்ள சிறுவரும் அறிவர். நிலத்தடி நீரின் ஓட்டமோ கண்ணுக்குப் புலனாவதன்று. மணற்பாங்கான நிலத்தில் நீர் மெல்லக் கசிந்து பரவும். வன்பாறை நிலத்தில் வெடிப்புகளின் வழியே மட்டும் செல்லும். ஆகவேதான் ஒரு கிணறு நிறைந்திருக்க, அண்டைக் கிணறு வறண்டு கிடத்தலும் உண்டு.

சுண்ணாம்புப் பாறையின் இயல்பு வேறு. மழைநீர், காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமிலவாயுவைக் கரைத்துக்கொண்டு சிறிது அமிலத் தன்மை பெறுகின்றது. அந்நீர் நெடுங்காலம் பாறையை அரித்து, வெடிப்புகளைக் குகைகளாக்கிவிடுகின்றது. திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில், திசையன்விளைக்கு அருகிலுள்ள ஆயன்குளத்தில் இதன் விளைவைக் காணலாம். 2021ஆம் ஆண்டின் பெருமழையில், வெள்ளநீர் அங்குள்ள கிணறு ஒன்றினுள் பல நாள் பாய்ந்தும் அது நிரம்பவில்லை. மக்கள் வியந்தனர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக அறிஞர்கள் ஆராய்ந்து, நிலத்தடியிலுள்ள சுண்ணாம்புப் பாறைக் குகைகளே இதற்குக் காரணம் என்றனர்.

மறைந்தோடும் நீரின் வழியை அறியும் முறைகள் பல. பல கிணறுகளின் நீர்மட்டத்தை ஒரே காலத்தில் அளந்து, கடல்மட்டத்தினின்று அவற்றின் உயரத்தைக் கணக்கிட்டுப் படத்தில் குறிப்பது ஒரு முறை. நீர் உயர்ந்த மட்டத்தினின்று தாழ்ந்த மட்டத்தை நாடுமாதலின், ஓட்டத்தின் திசை ஓரளவு புலப்படும். நிலத்தில் உலோகக் கோல்களை நட்டு மின்சாரம் செலுத்துவது மற்றொரு முறை. நீர் நிறைந்த வெடிப்பு மின்சாரத்தை எளிதிற் கடத்தும். உலர்ந்த பாறை தடுக்கும். ஒரு கிணற்றில் நீரை இடைவிடாது இறைத்து, அண்டைக் கிணறுகளின் மட்டம் தாழ்கின்றதா என நோக்குதலும் உண்டு.

குகைவழியை ஐயமற உணர்த்துவது சாயச் சோதனை. ஜெர்மனியில் டான்யூப் ஆற்றின் நீர் ஓரிடத்தில் சுண்ணாம்புப் பாறையினுள் புகுந்து மறைகின்றது. 1877ஆம் ஆண்டில் அங்கே நீரிற் சாயம் கலந்தனர். ஏறத்தாழ 12 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஆக் என்னும் ஊற்றில், மூன்று நாட்களுக்குள் பச்சை நிறம் தோன்றிற்று!

சாயம் சென்ற வழியே அழுக்கும் செல்லும். மணல் நீரை வடிகட்டும், குகை வடிகட்டாது. ஒரு கிணற்றிற் கொட்டிய கழிவு, சில நாட்களில் வேற்றூரார் பருகும் நீரிற் கலக்கக்கூடும். ஆதலின், வெள்ளத்தைக் கிணற்றில் விட்டு நிலத்தடி நீரைப் பெருக்க விழைவோர், அந்நீரின் தூய்மையையும் அது செல்லும் வழியையும் முதற்கண் ஆராய்தல் வேண்டும்.